ஆமைப் படமும் சோப்புப் பீப்பாயும்

என் தங்கை மகள் ஒரே ஒரு புனலை வைத்துக்கொண்டு ஊரையே திருத்தினாள். சரி, ஊர் இல்லை, இரண்டு தெரு. அதிலும் ஒன்று முட்டுச்சந்து. என் வாயில் புகுந்து வெளியே வருவது எதுவும் கொஞ்சம் பருத்துத்தான் வரும்.

சூப்பர் மார்க்கெட்டில் அவள் பொறுப்பில் ஒரு பீப்பாய். அது நிறைய, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். வீட்டிலிருந்து பழைய பாட்டிலைக் கொண்டுவந்தால் புனல் வைத்து ஊற்றித் தருவாள்; ஒரு பிளாஸ்டிக் பாட்டில் குப்பைக்குப் போகாது. சனிக்கிழமைக்குள் பீப்பாய் காலியாகாவிட்டால் அதை எடுத்துவிட்டு, அவளைக் குளிர் அறைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தக் குளிரில் அரை மணி நின்றாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும்.

பீப்பாய்க்கு மேலே ஓர் ஆமைப் படம் மாட்டினாள். ஆமையின் வயிறு நிறையப் பிளாஸ்டிக். பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்ப் புதுச் சோப்புப் பாட்டிலை எடுத்தார்கள். பாவம் போதவில்லை என்று நினைத்து, மறுநாள் இரண்டாவது ஆமையையும் மாட்டினாள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"ஏம்மா, சோப்பு வாங்க வந்தவங்களக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துறியே!" என்று அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

புதனும் போயிற்று. இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

வியாழக்கிழமை ஆமைகளைக் கழற்றினாள். எங்கள் தெருத் தையல்காரம்மா பாட்டிலைக் கொடுத்துவிட்டு மற்ற சாமான் வாங்கப் போனாள். மாறிவிடக் கூடாதே என்ற பயத்தில் 'தையல்காரம்மா' என்று எழுதி ஒட்டி, நிரப்பிப் பலகையில் வைத்தாள் இவள். தையல்காரம்மாவின் எதிர்வீட்டுக்காரி கண்ணில் அது பட்டுவிட்டது.

"அவ பாட்டில் மட்டும் மகாராணி மாதிரி உக்காந்திருக்கு? எனக்கும் எழுதும்மா. கொஞ்சம் பெரிசாவே எழுது."

வெள்ளிக்கிழமை வரிசை நின்றது. கடலை நினைத்து யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிலுக்கு முன்னால் தன் பாட்டில் நிற்க வேண்டும், அவ்வளவே. சனிக்கிழமை மாலை மேனேஜர் வந்து, விரலை மடக்கிப் பீப்பாயைத் தட்டினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை!

இதுவரை எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன்.

"புளுகாதீங்க பெரியம்மா. கால் பீப்பா மிச்சம் இருந்துச்சு. 'இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்'னு மட்டும்தான் சொன்னாரு. அந்த வாரம் நாளைக்கு முடியுது."