குளத்தில் கரைக்காத முளைப்பாரி

ஊர்ப்பகைக்கு அஞ்சி இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் குளம் பாதி வற்றி, மிச்சத் தண்ணீர் சுட்டது. பங்குனியில் அம்மனுக்கு வளர்த்த முளைப்பாரிப் பயிரைக் கரைத்த இடத்தில் குமிழிகள் கிளம்பின. "ஆத்தா மூச்சு விடுறா" என்று கும்பிட்டோம்.

தண்ணீரைச் சோதிக்க வந்த கல்லூரிப் பெண், குமிழியைப் பாட்டிலில் பிடித்துத் தீக்குச்சி காட்டினாள். குப்பென்று எரிந்தது.

"அக்கா, அடியில பயிரு அழுகுற வாயு இது. வெயில் ஏற ஏற இதுவும் கூடும். மேல காத்துல கலந்து சூட்டை இன்னும் ஏத்தும்."

மறுவருடம் என் முளைப்பாரியைக் குளத்தில் கரைக்காமல் வயலில் உரமாகப் பரப்பக் கிளம்பினேன். ஊர்த் தலைவரான அம்பலகாரர் மறித்தார்.

"சாமி குத்தம்! இனி உன் பாரி கோயிலுக்குள்ள வராது."

"ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க வழிய விடுங்கய்யா."

சொன்னபடியே அதன்பின் என் பாரியைக் கோயிலில் சேர்க்கவில்லை. வீட்டிலேயே வளர்த்துக் கும்பிடுகிறேன். வயலில்தான் பரப்புகிறேன்.

இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மனை எதிர்த்தேன் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவள் குளத்துக்காகத்தான் நின்றேன்.