மணிலாவில் மதியம், எங்களுக்குக் காலை

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. இன்று லிஃப்டில் பூண்டுச் சோறு மணத்ததும் அந்த எட்டரை மணி திரும்பி வந்தது.

என் சிறுவயதில், துபாயின் சத்வா பகுதியில், பலகை அடித்து அறைகளாகப் பிரித்த வில்லாவில், எங்களுக்கு அடுத்த அறை பார்லரில் வேலை பார்த்த பிலிப்பினோ லிசாவுடையது. மணிலாவின் மதிய டிவி நிகழ்ச்சி துபாயில் காலை எட்டு மணிக்கே நேரலையாக வரும். ஆட்டமும் கைதட்டலும் பரிசு வாங்கி அழும் பெண்களுமாக அது ஓட ஓட, லிசா பூண்டுச் சோற்றை எனக்கு ஊட்டிக்கொண்டே பாடுவாள், நானும் அர்த்தம் தெரியாமல் கூடவே பாடுவேன். அவர்கள் மொழியில் அக்காவுக்கு 'ஆத்தே'. அப்படித்தான் அவளைக் கூப்பிடுவேன்.

அன்று "ஆத்தே, இன்னொரு வாய்" என்றது கதவருகே வந்த அம்மாவின் காதில் விழுந்தது.

"அவ ஒனக்கு ஆத்தாளா? அப்ப பெத்தவ யாருடி?"

என் கையைப் பிடித்து எங்கள் அறைக்கு இழுத்துப் போனாள். அதன்பின் பலகைக்கு அப்பாலிருந்து பாட்டு மட்டும் கேட்டது. இப்போது என் மகள் பக்கத்து வீட்டில் சிரித்தாலே நானும் கதவருகே போய் நின்றுவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து, அறையைக் காலி செய்த லிசா பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அரைகுறை இந்தியில் அம்மாவிடம் சொன்னாள்: "கோபம் வேணாம், மேடம். ஆத்தேன்னா அக்கா. ஊர்ல எங்கம்மா வளக்குற என் மகளும் என்னை அப்படித்தான் கூப்பிடுறா."