கோயில் இல்லாத துறைமுகம்

திருத்தணியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவுக்காரர்கள் அதிகம். கல்யாணமான புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. இவருக்கு மட்டும் எப்படி இத்தனை சித்தப்பாக்கள், இத்தனை ஒன்றுவிட்ட தங்கைகள் என்று மலைத்துப் போனேன். எல்லாருக்கும்தான் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஊரில் மலைமேல் முருகன் இல்லை, அவ்வளவுதான் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. பிள்ளைக்கு மொட்டை, பெண்ணுக்குக் காதுகுத்து, மருமகளுக்கு வேண்டுதல், திருப்பதி போகிற வழியில் ஒரு கும்பிடு என்று எதற்கு வந்தாலும், மலையிறங்கி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நான் உள்ளே இரண்டாவது தடவையாக உலை வைத்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். ஒரே ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் வாயிலிருந்து 'வாங்களேன்' என்று தானாக வந்துவிடும். மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்தவர், "நீங்க திருத்தணியா சார்?" என்று கேட்டுவிட்டால் போதும். "ஆங், மலைக்கு வந்தா அப்பிடியே வீட்டுக்கு வந்துடுங்க" என்று வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார். அப்படி இவர் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே வந்திருக்கிறார்கள். சமையலில் அவருக்குத் தெரிந்தது வெந்நீர் வைப்பது மட்டும். அதிலும் ஒரு தடவை பாத்திரத்தைத் தீய விட்டார்.

நான் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். எனக்கு விடுமுறை என்றால் மே மாதம்தான். ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கும் அதே மே மாதம்தான் விடுமுறை, அதே மே மாதத்தில்தான் மொட்டை. அதனால் என் விடுமுறைகளெல்லாம் அடுப்பங்கரையிலேயே போய்விட்டன. போன வருஷம் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மகள், சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

"ம்மா, இந்த லீவுக்கு உனக்கு இன்னா வேணும்?"

"ஒரே ஒரு வாரம் யாரும் வராத எடத்துல இருக்கணும். யாரையும் வாங்கன்னு கூப்புடக் கூடாது, யாருக்கும் சோறு போடக் கூடாது."

யோசிக்காமல் வந்த பதில் அது. சொல்லி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. "யாரும் வர முடியாத எடம்னா கப்பல்தாம்மா" என்றாள் மகள். பிறகு வீட்டு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்தாள்.

கப்பலில் சுற்றுலா போவது என்றால் டிக்கெட் எடுத்து ஏறிவிடுவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கம்பெனிக்கு ஒரு பாதை, பாதைக்கு நாலு துறைமுகம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புறப்பாடு. பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மொட்டை மாடியில் தண்ணீர்ச் சறுக்குமரம் வைத்திருந்தது சறுக்குமரக் கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்புவது நம்மூர்க் கப்பல். பனிமலைகளுக்கு நடுவே போவது ஐஸ் கப்பல். இவர் ரயில்வேக்காரர் அல்லவா, எதைக் காட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஸ்டாப்பிங் எத்தினி?"

"நைனா, இதுல கடல் நாள்னு ஒண்ணு இருக்கு. அன்னிக்கு எங்கயும் நிக்காது. முழுக்கக் கடல்லயே போய்க்கினு இருக்கும்" என்றாள் மகள்.

"எறங்க வுடாத வண்டில எதுக்கும்மா ஏறணும்?" என்று அந்தக் கப்பலையே தள்ளி வைத்துவிட்டார். அவருக்குப் பிடித்தது நம்மூர்க் கப்பல். இலங்கையில் மூன்று துறைமுகம். அதில் அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் கிட்டதான் என்று எங்கோ படித்துவிட்டு, "இங்கயும் முருகன், அங்கயும் முருகன்" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கும் அது ஆகாது என்றில்லை. எங்கே போனாலென்ன, போனால் சரி என்று இருந்தேன்.

மாசிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து இவருடைய அக்கா வந்தார். எனக்கு அண்ணி. வீட்டிலேயே பவர்லூம் ஓடுகிற குடும்பம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணப் பேச்சே தெருக்கோடி வரை கேட்கும். மாதாமாதம் கிருத்திகைக்கு மலையேறிவிட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு கிருத்திகை கூடத் தவறியதில்லை, "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்று சொல்லாமல் எழுந்ததும் இல்லை. அன்றைக்கும் அதைச் சொல்லி முடித்திருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அக்கா, நாங்க மே மாசம் கப்பல்ல போறோம். நீயும் வாயேன்."

எடுத்த கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"கப்பலா? எங்கடா போவுது?"

"சிலோனு. கதிர்காமம் பாக்கலாம்."

"கதிர்காமமா!" அண்ணி சாப்பிட்ட கையைத் தூக்கி அப்படியே கும்பிட்டார். "அப்ப சித்தப்பா வூட்லயும் சொல்லிடு. நம்ம தம்பி சின்னவன் வூட்டு ஆளுங்களும் ரொம்ப நாளா எங்கயாவது கூட்டிகினு போன்னு கேட்டுகினு இருக்காங்க. ஒரு கரண்ட் அடுப்பு எடுத்துக்கலாம். புளிசாதம் கட்டிகினா ரெண்டு நாளிக்குத் தாங்கும். அதுக்கு மேல இவ இருக்கா, பாத்துக்குவா."

அந்த 'இவ' நான்தான். நடுக்கடலில், கப்பல் அறைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, நான் பன்னிரண்டு பேருக்குப் புளிக்காய்ச்சல் கிளறுவது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணியைப் பள்ளிப்பட்டு பஸ் ஏற்றிவிட்டு இவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தேன். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் வராத எடத்துக்குப் போணும்னு கேட்டேன். ஊரையே கூட்டிகினு போற மாதிரி பண்ணிட்டீங்களே."

"ஒரு பேச்சுக்குக் கூப்டேம்மா. பக்கத்துல உக்காந்துகினு எப்பிடிக் கூப்டாம இருக்கறது?"

"உங்க பேச்சுக்குத்தான் இத்தன வருஷமா நான் உலை வெச்சிகினு இருக்கேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு நாளும் நான் அதைச் சொன்னதில்லை. இவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் போய் மடிக்கணினியைத் திறந்தார். "சரி, கோயில் இல்லாத எடமா பாக்கலாம். கோயில் இருந்தாத்தான் எல்லாரும் வருவாங்க" என்றார். இந்த மனுஷருக்கு விஷயம் புரிகிறது என்பதே எனக்குப் பாதிக் கப்பல் ஏறிய மாதிரி இருந்தது.

கோயில் இல்லாத துறைமுகத்தைத் தேடுவது இத்தனை கஷ்டம் என்று நினைக்கவில்லை. இலங்கைக்கே வேறு பாதை பார்த்தோம். திருகோணமலை என்றால் கோணேசர். காங்கேசன்துறை என்றால் கிட்டத்தில் நல்லூர்க் கந்தன். சரி, சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற சறுக்குமரக் கப்பலைப் பார்ப்போம் என்று போனால், அது முதலில் நிற்பது கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுகம். இவர் படத்தைப் பெரிதாக்கி, "இங்க பாரு, பத்துமலை! எவ்ளோ ஒசரம் நிக்கறாரு!" என்றார். அடுத்த நிறுத்தம் பினாங்கு. அங்கே தண்ணீர்மலை முருகன், அதுவும் மலை, அதற்கும் படிக்கட்டு. எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. முருகனை எனக்குப் பிடிக்காமல் இல்லை. தினமும் ஜன்னல் வழியாகக் கும்பிடுகிறவள்தான். அவர் பின்னாலேயே சித்தப்பா வீடும் சின்னவன் வீடும் வருவதுதான் பிரச்சினை.

ஐஸ் கப்பல் பாதையில் கோயிலே இல்லை. ஆனால் அத்தனை தூரம் பறந்து போய்க் குளிரில் நடுங்க இவர் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் மகள்தான் ஃபோனில் ஒன்றை அனுப்பினாள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் வேறொரு கம்பெனிக் கப்பல். சிங்கப்பூரில் இறங்கி நேராகக் கப்பலேறிவிடலாம், அங்கே கோயில் பக்கம் போக வேண்டியதில்லை. போகும்போது ஒரு கடல் நாள், அப்புறம் தாய்லாந்தில் புக்கெட், திரும்பும்போது இன்னொரு கடல் நாள்.

"ஒரே ஒரு ஸ்டாப்பிங்கு" என்றார் இவர் பரிதாபமாக. "மொதல் நாளே வேணாம்னு தள்ளி வெச்ச அதே மாதிரி வண்டி."

"எனக்கு இதான் வேணும்."

பணம் கட்டிவிட்டோம். ஆனால் அண்ணியிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பங்குனிக் கிருத்திகைக்கு அவரே வந்து, சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார்.

"கதிர்காமத்துக்கு எப்படா கெளம்பறோம்?"

"கதிர்காமம் இல்லக்கா. புக்கெட்டு."

"அங்க இன்னா கோயிலு?"

இவர் என்னைப் பார்த்தார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த நான், சொல்வதற்கென்று தயார் செய்து வைத்திருந்த சாக்கு எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

"நமக்குத் தெரிஞ்ச கோயில்னு ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா கடலு."

"கோயில் இல்லாத ஊருக்கு எதுக்குடி போறீங்க?"

"சமைக்காம இருக்கறதுக்கு அண்ணி. ஒரு வாரம் யாரையும் வாங்கன்னு சொல்லாம இருக்கறதுக்கு."

இருபத்தைந்து வருஷத்து உறவு. இந்தச் சோற்றோடு எழுந்து போய், இனி உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று மோர்ச் சொம்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். அண்ணி தட்டைப் பார்த்துக் குனிந்து மோர்ச் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க போற வாரம் மலையிலேர்ந்து எறங்கி வரவங்களுக்கு யாரு போடறது?"

"வீட்டப் பூட்டிகினு போறோம் அண்ணி."

"மொட்டையடிச்ச கொழந்தைங்க வெயில்ல வந்து பூட்டப் பாத்துட்டுப் போவறதா? நல்லாருக்கே!" அண்ணி எழுந்தார். "சாவிய என்கிட்ட குடு. நான் வந்து இருக்கேன். எனக்கு இன்னா, சோறு வெக்கத் தெரியாதா?"

அன்றைக்குத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கப்பலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காபி சுமார்தான். சாம்பார் என்று வைத்திருந்ததில் சர்க்கரை போட்டிருந்தார்கள். ஆனால் வேறு யாரோ செய்தது, அதனால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் மேசையில் இருந்த தட்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு எழுந்தேன். பரிமாறுகிற பெண் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வகுப்பில் எத்தனையோ வருஷமாக வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய மலாக்கா நீரிணை, நாள் முழுக்கக் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. நான் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன். அழைப்பு மணி கிடையாது, வாசலில் செருப்புக் குவியல் கிடையாது. அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததே இல்லை. பேச ஆளில்லாமல் தவித்த இவரைக் கூட, "போய் நாலு சுத்து சுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

புக்கெட்டில் இறங்கியதும் ஃபோனில் சிக்னல் வந்தது. இவர் இளநீர் வாங்கப் போன நேரம் பார்த்து அண்ணி கூப்பிட்டார். அந்தத் தெருக்கோடிக் குரல் எப்படியோ கம்மியிருந்தது.

"ஏம்மா, காலையிலேர்ந்து மூணு தபா உலை வெச்சிட்டேன். இன்னும் வந்துகினே இருக்காங்க. யாருன்னே தெரியாத ஒருத்தரு வந்து, ட்ரெயின்ல உங்க தம்பிதான் வரச் சொன்னாருன்னு உக்காந்துகினு இருக்காரு. அதுல சின்னவன் பொண்டாட்டி சொல்றா, சாம்பார்ல உப்பு தூக்கலாம். என்கிட்டயே சொல்றா!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கால் வலிக்குதா அண்ணி?" என்று கேட்டேன்.

"கால் பூட்சி." குரல் இன்னும் இறங்கியது. "நீ எப்பிடிம்மா இத்தினி வருஷம் வாயத் தெறக்காம இருந்தே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "அடுத்த மே மாசத்துக்கு எனக்கும் ஒரு கப்பல் பாத்து வையி. கோயில் இல்லாததா பாரு."

"நீங்களும் வாங்க அண்ணி. நாம ரெண்டு பேரும் போலாம்." அந்த 'வாங்க'வை நான் மனசாரச் சொன்னேன்.

ஃபோனை வைத்துத் திரும்பினால், இவர் இளநீரோடு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே எங்கள் கப்பலில் வந்த ஒரு குடும்பம், அந்த அம்மாள் இடுப்பில் சுருட்டை முடியோடு ஒரு குழந்தை.

"இவங்க ஈரோடு. கொழந்தைக்குத் திருத்தணியில மொட்ட போடறதா வேண்டுதலாம். அடுத்த மே மாசம் நம்ம வீட்டுக்கே வந்துடுங்கன்னு சொல்லிகினு இருந்தேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டிப்பா வாங்க" என்றேன். "அந்த மாசம் இவருதான் சமைக்கிறாரு."