கடித்த நாயின் கடைவாய்ப் பல்

மிருக ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். டாக்டருக்கு உதவியாக நின்று நாய், பூனைகளின் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. மயக்கத்தில் கிடக்கும் பூனையின் வாய் எவ்வளவு நாறினாலும் மூக்கைப் பொத்தமாட்டாள். ஆனால் அந்த வாயை அப்படி விட்டவர்களைச் சும்மா விடமாட்டாள். "மடியில வெச்சுக் கொஞ்சுறீங்களே, இந்த நாத்தம் தெரியலையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அவள்மேல் புகார் வராத மாதமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய சொந்த அண்ணனே வந்து நின்றான். கையில் கயிறு, கயிற்றில் ஏழு வயதுப் பழுப்பு நாய், அதன் வாயில் கட்டு.

"பொண்ணு கையைக் கடிச்சிடுச்சு டாக்டர். மூணு தையல். ஊசி போட்டு முடிச்சிடுங்க." தங்கை பக்கம் அவன் திரும்பவேயில்லை.

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் கருணைக்கொலைக்கான படிவத்தை எடுத்தார். பல்லக்கா நாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அதன் வலது கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு வீக்கம்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா வரும், போகும். பூச்சி ஏதாவது கடிச்சிருக்கும்."

"பாப்பா எங்க தொட்டா?"

"கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சினா. அதுக்குப் போய் இப்படியா..."

"எந்தக் கன்னம்?"

வலது பக்கத்தைக் காட்டினான். காட்டிய விரல் அப்படியே நின்றது.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் பல்லக்கா.

மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் கடைவாய்ப் பல் பிளந்து, வேர் வரை சீழ். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணன் தினமும் போட்ட எலும்பின் வேலை. மூன்று வேர் உள்ள பல்லை டாக்டர் அறுத்து அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பல் துண்டுகளைத் தட்டோடு கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள்.

"உனக்குப் பல்வலி வந்தப்போ நாலு நாள் வீட்டையே ரெண்டாக்கினியே. உன்னை யாராவது ஊசி போட்டுக் கொன்னாங்களா?"

"கத்தாதடி, எல்லாரும் பாக்குறாங்க. வாயில்லா ஜீவன், அதுக்குச் சொல்லத் தெரியலையே..."

"வாய் இருக்குண்ணா. நீதான் பாக்கல."

நாயைக் கூட்டிப் போனவன் நாலு மாதம் அவளிடம் பேசவில்லை. அண்ணிதான் போனில் சொன்னாள்: நாய் இப்போது இரண்டு பக்கமும் மென்று தின்கிறது, பல் தேய்க்க வாயைக் காட்டுகிறது.

அதைக் கேட்டும் அவள் கோபம் ஆறவில்லை. அது அண்ணன்மேல் மட்டும் இருந்த கோபமுமில்லை. 'கடிக்கிற நாய்' என்று சொல்லி அந்த மேசைக்குக் கொண்டுவந்த எத்தனை நாய்களின் முன்னங்காலை ஊசிக்காக அவளே பிடித்துக் கொடுத்திருக்கிறாள்! அவற்றில் ஒன்றின் வாயைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நாயின் வாயை அவள் பார்க்காமல் அந்தப் படிவம் டாக்டர் கைக்குப் போவதில்லை.

"எல்லாத்துக்கும் பல்லே காரணமா இருக்காதும்மா," என்றார் டாக்டர்.

"இல்லேன்னா, பாத்துட்டு இல்லேன்னு சொல்றேன்," என்றாள். "அதுவரைக்கும் ஊசியைத் தொடாதீங்க."