நான் மாற்றிச் சொன்ன நோய்

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். டாக்டர்கள் கிறுக்கித் தரும் நோய்க் குறிப்புகளை ஆங்கிலத்தில் அடித்துக் கோப்பில் சேர்ப்பதுதான் வேலை. எங்கள் டாக்டர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். 'வலிக்குதா', 'கையத் தூக்கு' என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. பெரிய விஷயம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் டைப்ரைட்டரை விட்டுவிட்டுப் போய் நின்று, அவர் சொல்வதைத் தமிழில் சொல்லுவேன். கவுன்சிலிங் என்ற வார்த்தையை அப்போது நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வேலைக்கென்று யாரும் இல்லாததால் அது என் தலையில் விழுந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது.

அப்போதுதான் ஆம்பூரிலிருந்து ஒரு பாய் வந்தார். நாற்பது வயது இருக்கும். டேனரி ஒன்றில், பதனிட்ட தோலைத் தொட்டுப் பார்த்து ரகம் பிரிக்கிறவர். நானும் ஆம்பூர்க்காரன் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். தெருவை விசாரித்தார், பள்ளிக்கூடத்தை விசாரித்தார், என் அப்பாவைத் தெரியும் என்றார். நிறையப் பேசுகிற மனுஷர். "விரல் மரத்துப் போகல தம்பி. தொட்டா ஆட்டுத்தோல் எது, செம்மறித்தோல் எதுன்னு இப்பவும் சொல்லிடுவேன். ஆனா புடிச்சுத் தூக்க முடியல, நழுவிடுது" என்றார்.

தசைகளில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை முடிந்தது. டாக்டர் கூப்பிடுவதற்கு முன் பாயின் அண்ணன் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டுக்கு மூத்தவர். குடும்பத்தில் அவர் சொல்வதுதான் நடக்கும்.

"எனக்குக் கொஞ்சம் இந்தி வரும், டாக்டர் எங்கிட்ட நேத்தே சொல்லிட்டாரு. அவங்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. கேட்டா இடிஞ்சு போய்டுவான். அவன் சம்சாரத்துக்கும் தெரிய வேணாம். அந்தப் பொண்ணு தாங்காது."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன்.

உள்ளே டாக்டர் நிதானமாகப் பேசினார். நரம்பில் ஆரம்பிக்கும் நோய் இது, தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கைக்குப் பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு விழுங்குவது. அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும். மருந்து கிடையாது. இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் செய்ய வேண்டியதைச் செய்யவும் இதுதான் நேரம் என்று இவருக்குப் புரிய வையுங்கள்.

நான் பாயின் பக்கம் திரும்பினேன். அவர் மனைவி பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்.

"நரம்புத் தளர்ச்சி பாய். கொஞ்ச நாளாகும். சத்தா சாப்பிடுங்க. கைக்கு வேலை குடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தமிழில் சுருக்கமாகச் சொல்லலாம் டாக்டர்" என்றேன்.

பாய் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தார். காலையில் முட்டை, ஆட்டுக்கால் சூப், எண்ணெய் தேய்த்து நீவுதல். கைக்கு வேலை கொடுங்கள் என்று நான் போகிற போக்கில் சொன்னதற்காக ஒரு ரப்பர் பந்து வாங்கி, காலையும் மாலையும் அதை அழுத்தினார். அழுத்த அழுத்தக் கை இன்னும் மெலிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. அதை எனக்குக் காட்டி, "நான் ஒழுங்காப் பண்ணல போலருக்கு தம்பி. டேனரிக்குப் போய்ட்டு வந்தா அசதியாருக்கு, அம்பது தடவைதான் அழுத்தறேன். இனிமே ஜாஸ்தி பண்றேன்" என்றார். பேச்சில் குழறல் அப்போதே தொடங்கியிருந்தது.

அடுத்த முறை அவர் மனைவி தனியாக என்னிடம் வந்தார். "சாப்பிட மாட்டேங்கறாரு தம்பி. வாயில வெச்சுக்கினே உக்காந்திருக்காரு. பேஜாரா இருக்குது. நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்க."

தொண்டைத் தசை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தும் போய்ச் சொன்னேன். "இன்னா பாய், சாப்பாட்டுல பிடிவாதம் பண்றீங்களாமே" என்று சிரித்தபடி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில், திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அதன்பின் அவர் வரவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து, பிசியோதெரபி பிரிவில் இருந்த ஓர் அக்கா, வாய் பேச முடியாதவர்களுக்கு எழுத்துப் பலகை செய்யும் விதத்தைச் சொன்னார். அந்த வார விடுமுறையில் ஆம்பூர் வீட்டில் ஒரு ஷூ பெட்டியின் மூடியை எடுத்துப் பிரித்து, மெய்யெழுத்துகளை மூன்று வரிசையாகவும் உயிரெழுத்துகளை இரண்டு வரிசையாகவும் எழுதினேன். நான் விரலால் முதலில் ஒவ்வொரு வரிசையாகவும், பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகவும் காட்ட வேண்டும். பாய் தனக்கு வேண்டியது வந்ததும் கண்ணை மேலே உயர்த்த வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஒரு சொல்லுக்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் தலையணை அண்டைகொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். கண்கள் மட்டும் பழைய கண்கள். பலகையைக் காட்டி விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார், ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அவர் எழுதிய முதல் வாக்கியம்: நீ ஏன் சொல்லல.

என்னிடம் எப்போதும் 'வாங்க, போங்க' என்றே பேசியவர். எழுத்தை மிச்சம் பிடிக்கத்தான் 'நீ' என்றாரா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. அட்டையில் குரல் இல்லை.

பக்கத்து டிஸ்பென்சரி டாக்டர், எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தனக்கு வந்த, நான் டைப் அடித்த கடிதத்தையே அவரிடம் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. அதைக் கேட்டபோது பாய்க்குப் பேச்சு முழுக்கப் போய்விட்டிருந்தது. மனைவியிடம் அதைச் சொல்லவும் அவரால் முடியவில்லை.

"அண்ணன் வேணாம்னாரு பாய்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

மறுபடி பலகையைப் பார்த்தார். ப, ந், து. பந்து. அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. நான் அழுதேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது முழுவதையும், சுருக்காமல். பந்தை எத்தனை தடவை அழுத்தியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, அவர்மேல் தப்பே இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். வாசற்படியில் நின்று கேட்ட அவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் முறை.

பிறகு ஏழெட்டு ஞாயிறு போனேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி பேச வேண்டியதையெல்லாம் நடுவில் நான் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். மூக்கு அரிக்கிறது, கொசு, சின்னவளைக் கூப்பிடு. சில ஞாயிறு இவ்வளவுதான்.

கடைசியாகப் போன அன்று அண்ணனும் அறையில் இருந்தார். பாய் மனைவியைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் உரக்கப் படித்தேன்: "நான் போனா உங்கம்மா வீட்டுக்குப் போ. இங்க இருக்காத."

அண்ணன் எழுந்தார். "நீங்களா சேத்து சொல்றீங்க."

"இல்லீங்க. அவரு எழுதினது."

"அன்னிக்கு டாக்டர் சொல்லாதத சொன்னவர்தானே நீங்க? இன்னிக்கு மட்டும் எப்படி நம்பறது?"

நான் பாயிடம் திரும்பி, "நான் படிச்சது சரியா பாய்?" என்று கேட்டேன். அவர் கண்ணை உயர்த்தினார், இரண்டு முறை. அண்ணன் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். இனிமேல் வர வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார். பலகையையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் கெட்டவர் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக் குளிப்பாட்டியது அவர்தான்.

இரண்டு மாதத்தில் பாய் இறந்துபோனார். அந்த இரண்டு மாதத்தில் என்னென்ன சொல்ல நினைத்தாரோ, தெரியாது. அடக்கம் செய்த மையவாடி வரைக்கும் போய்க் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன்.

எண்பதுகளில் எங்கள் பிரிவுக்கு ஒரு சமூகப் பணியாளர் அம்மா வந்தார். நான் கேட்டுக்கொண்டு அவரிடம் மாறினேன். நோயாளியிடம், நோயாளியிடமே, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். சிலர் எல்லாவற்றையும் சொல்லு என்பார்கள். சிலர் எனக்கு வேண்டாம் என்பார்கள். வராந்தாவுக்குக் கூப்பிடுகிற அண்ணன்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்களோடு நான் போவதில்லை.

பாயின் மனைவியை அதற்குச் சில வருடங்கள் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அண்ணன் வீட்டிலேயேதான் இருந்தார். மகள்கள் இரண்டு பேரும் அங்கே படிக்கிறார்கள், எங்கே போவது என்றார். நலம் விசாரித்து முடிந்தபின் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போன்னு சொன்னது, நெஜமாவே அவரு சொன்னதுதானா?"

"அவரு சொன்னதுதான்கா. சத்தியமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாயாலயே சொல்லிருப்பாரு" என்றார். பேரணாம்பட்டு பஸ் வந்தது. முன்வாசலில் கூட்டம் நெருக்க, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிப் போனார்.