கரண்டைக் கூட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம். எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி, கடைசி ஆண்டு. வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் போகவிட்டு மற்றதைத் தடுக்கிற ஃபில்டர்தான் என் புராஜெக்ட். மற்றவர்கள் கட்டிய ஃபில்டரில் அதிர்வெண்ணை மாற்ற கெப்பாசிட்டரைப் பிடுங்கி வேறொன்றைச் சொருக வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. சிக்னலை மின்னோட்டமாகவே ஓடவிட்டு, அதிலுள்ள இரண்டு ஐசி சில்லுகளுக்கும் போகும் கட்டுப்பாட்டு மின்னோட்டத்தை ஒரே குமிழால் கூட்டிக் குறைத்து ஃபில்டரின் அதிர்வெண்ணை நகர்த்துவேன் என்று அடம்பிடித்தேன்.

"ஓடாதும்மா. ஃபெயிலாயிருவே," என்றார் விரிவுரையாளர், சிலோன்காரர்.

"ஓட வெச்சிக் காட்டுறேன் சார்."

ஃபெயிலானால் உதவிப்பணம் நின்றுவிடும். கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டுக்குத் திரும்பி அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம்.

தேர்வு நாள் காலை. குமிழ்கள் பக்கம் என் கூட்டாளி, சிலிம் ரிவர் எஸ்டேட்காரன், என்னைவிட ஒரு வயது இளையவன். ஆசிலோஸ்கோப் திரையில் ஃபில்டர் விடுகிற அதிர்வெண் ஒரு மேடாக அழகாக நின்றது.

"இத நகர்த்திக் காட்டு," என்றார் சார்.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கரண்ட கூட்டுடா!" என்றேன்.

டப்பென்று சத்தம். கருகிய நாற்றம். பவர் சப்ளையின் குமிழைக் கடைசிவரை திருகியிருந்தான்.

"அறிவிருக்காடா ஒனக்கு?"

"நீதானேக்கா கூட்டச் சொன்னே! கரண்டுன்னா சப்ளைதானே லா?"

நான் சொன்னது கட்டுப்பாட்டுக் குமிழை. எஸ்டேட்டில் சாயங்காலம் இன்ஜின் ஓடி விளக்கு எரிந்தால் "கரண்டு வந்துருச்சி" என்றுதான் எல்லோரும் கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன். படித்த கரண்டு ஒன்று, பேசிய கரண்டு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு அவனைத் திட்டினால் எப்படி?

"தப்பு என்னோடதுதான்," என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி வரைக்கும் டைம். அப்புறம் மார்க்கு போட்ருவேன்."

பென்சில் டப்பாவில் இரண்டு ஐசி மிச்சம் இருந்தன. சாப்பிடப் போகவில்லை. கருகிய இரண்டையும் கழற்றும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட விரலுக்கென்று எடுத்த பிளாஸ்திரியைக் கட்டுப்பாட்டுக் குமிழுக்கு அடியில் ஒட்டி, தண்ணீர்ப் பைப்பைப் போலத் திறந்து மூடுவதுதானே என்று, பேனாவால் 'பைப்பு' என்று எழுதினேன். சப்ளையில் ஒட்டியதில் 'தொடாதே'.

இரண்டு மணி.

"பைப்பத் தொற."

அவன் மெல்லத் திருகினான். மேடு வலப்பக்கம் நகர்ந்தது.

"மூடு."

திரும்பி வந்தது. ஒரு கெப்பாசிட்டரையும் தொடவில்லை. சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே குமிழைப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கரண்ட இன்னும்..." என்று ஆரம்பித்தவர், பிளாஸ்திரியைப் பார்த்து நிறுத்தினார்.

"பைப்ப இன்னும் கொஞ்சம் தொறக்கலாமா?"

"தொறங்க சார்," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.