குறைந்த இரண்டு ஸ்வரங்கள்

அவளுடைய பெயரைக் கச்சேரி அழைப்பிதழில் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரே ஆசிரியரிடம் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கற்றோம். எங்கள் வீட்டில் நெல் நிலம் இருந்தது, பாட்டுக்கென்று தனி அறை இருந்தது. அவள் அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனித் தொழிலாளி. இன்று அவள் இயற்றிய வர்ணங்களைச் சென்னை சபாக்களில் பாடுகிறார்கள். நானும்தான் இயற்றுகிறேன். திருவள்ளூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பாடுகிறார்கள், ஃபீஸ் கட்டிய பாவத்துக்கு.

எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். எதை எழுதினாலும் முதலில் எனக்குத்தான் செல்போனில் அனுப்புவாள். "நீ பாத்து ஓகே சொல்லுடி, அப்பாலதான் பாடக் குடுப்பேன்" என்பாள். யார் வேண்டுமானாலும் கைதட்டட்டும், முதலில் கேட்பவள் நான் என்று எனக்கு ஒரு கர்வம்.

போன ஆடியில் ஒரு வர்ணம் வந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பார்த்தேன். பாழாய்ப்போனது, அவ்வளவு அழகு. ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு அப்படியொரு பல்லவி வராது. ஆனால் பல்லவிக்குத் திரும்பும் முன் வரும் ஸ்வரக் கோவையில் இரண்டு ஸ்வரம் குறைந்தது. அப்படியே பாடினால் தாளம் தவறும், மேடையில் மானம் போகும். மறுபடி எண்ணினேன். குறைந்ததுதான். "அருமை" என்று பதில் அனுப்பினேன். கூடவே ஒரு ரோஜாப் படம் வேறு.

திருப்பாச்சூர்க் கோயிலில் சென்னைப் பாடகி ஒருத்தி அதைப் பாடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. பாடகி சிரித்துக்கொண்டே கடந்து, கச்சிதமாகப் பல்லவியில் வந்து இறங்கினாள். மிருதங்கக்காரர் சபாஷ் போட்டார்.

கச்சேரி முடிந்ததும் பொங்கல் தொன்னையோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு ஸ்வரம் கொறஞ்சிருந்துச்சுடி. பஸ்ல வந்துக்கினு இருக்கும்போது எண்ணிப் பாத்தா, தூக்கிவாரிப் போட்டுச்சு. நல்லவேள, பாடக் குடுக்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டேன். இன்னாடி, உனக்கே தெரியலியா?"

தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் நான் பொல்லாதவள். சொல்லாவிட்டால் தாளம் தெரியாதவள். பொங்கலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"கவனிக்கலடி" என்றேன்.

முதுகில் தட்டிக் கொடுத்தாள். "வுடு. உனக்கும் ஊட்டு வேல, கிளாஸுன்னு எவ்ளோ இருக்கு. நான்தான் உன்ன பேஜார் பண்ணிக்கினு இருந்தேன். இனிமே அந்தப் பாடகிகிட்டயே காட்டிக்கிறேன்."

அதற்குப் பிறகு மூன்று வர்ணங்கள் எழுதிவிட்டாள். மூன்றையும் ஊரோடு சேர்ந்துதான் கேட்டேன். தொடையில் தாளம் போட்டு எண்ணியும் பார்த்தேன். எதிலும் ஒன்றும் குறையவில்லை.